அம்சவள்ளி அழுத அழுகை

தியாகதுருகம் கோட்டை மலையைப் பார்த்த மாதிரி இருக்கிற அந்த ஊரில் அம்சவள்ளி என்ற பேரில் நாலைந்து பேர் உண்டு. "பாடற அம்சா வூடு எது?" என்று கேட்டால்தான் சரியான வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். தண்ணித் தொட்டிக்கு எதிரே சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. புருஷன் பழனி, கள்ளக்குறிச்சிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். குடிக்கமாட்டான், அதிகம் பேசவும் மாட்டான். பிள்ளை ஒன்று, சுபஸ்ரீ, பள்ளிக்கூடம் போகிறது. சொந்த நிலம் கிடையாது. களை எடுக்க, கரும்புக்குச் சோகை உரிக்க, மரவள்ளிக்கிழங்கு பிடுங்க என்று யார் கூப்பிட்டாலும் போகிற கூலிக்காரிதான் அம்சா.

வேலைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறவள் அவளுடைய அக்கா பாப்பாத்தி. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் அம்சாவைத் தூக்கி வளர்த்தவளும் அவள்தான். விடியும்போதே போனைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னாடி, இன்னும் படுத்துக்கினு இருக்கிற? வண்டிக்காரன் உனக்கு காப்பி போட்டுக் குடுத்து எழுப்புவானா?" என்று ஒவ்வொருத்தியாகக் கிளப்புவாள். தொண்டை அப்படி. நாலு கொல்லைக்குக் கேட்கும்.

ஆண்டவன் அம்சாவுக்குக் கொடுத்தது குரலா காதா என்று இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டால் போதும். பாட்டு மட்டும் இல்லை, பாடினவர்களே அவள் வாயில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். மார்கழியில் பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் பாடுகிற அம்மாவின் மூக்கடைப்பு, சினிமாப் பாட்டில் மூச்சு வாங்குகிற இடம், தெருக்கூத்தில் ராஜா வேஷக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு பாடுகிற பாட்டு, எல்லாம் அப்படியே. களை எடுக்கும்போது பாடினால் மற்ற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், யாராவது செல்போனில் பாட்டு வைத்துவிட்டார்களோ என்று.

அதனால்தான் கள்ளக்குறிச்சியில் பாட்டுக் கச்சேரி குழு வைத்திருக்கிற தீனதயாளன் அவளைச் சேர்த்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை. மாடியில் ஒரு ரூம். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும், சத்தம் எதிரொலிக்காமல் இருக்க. அதுதான் அவருடைய ரெக்கார்டிங் ரூம். பஸ் ஆரன் அடித்தால் நிறுத்திவிட்டு, பஸ் போன பிறகு திரும்பப் பாட வேண்டும்.

"ஏம்மா அம்சா, உன் தொண்டைக்குள்ள ஜெராக்ஸ் மெஷின் வச்சிருக்கியா?" என்பார். திருவிழா மேடைகளில் அதுதான் அவளுக்குப் பேர். எந்தப் பாடகி பாட்டு வேண்டுமானாலும் அச்சு அசலாக. ஜனங்கள் கை தட்டும். கீழே இறங்கினதும், "அப்பிடியே அவங்களேதான்!" என்று புகழும்.

பாப்பாத்திக்கு மட்டும் அது பிடிக்காது. முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து, "நல்லாத்தான் பாடினாங்க அந்தம்மா. நீ எப்ப பாடுவ?" என்று கேட்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அம்சாவும் சிரிப்பாள்.

சிரிப்பு நின்றது ஒரு தை மாதம். தீனதயாளன் புதிதாக ஒரு அம்மன் பாட்டு மெட்டுப் போட்டிருந்தார். ஆடி மாதத்துக்கு எல்லாக் கோயில் ஒலிபெருக்கியிலும் போகிற மாதிரி ரெக்கார்ட் பண்ண வேண்டும் என்று ஆசை. "எல்லையில நிக்கிறவளே, எங்களையும் பாக்கிறவளே" என்று தொடங்குகிற பாட்டு. "இதுல உன் பேரு வரும்மா. பாடியவர் அம்சவள்ளின்னு போடுவேன்" என்றார்.

அம்சா மைக் முன்னால் நின்றாள். கீபோர்டு ஆரம்பித்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

"இன்னாம்மா?"

"இத யாருண்ணே பாடியிருக்காங்க?"

"யாரும் பாடல. புதுப்பாட்டு. நீதான் மொத ஆளு."

"நீங்க ஒரு தபா பாடுங்கண்ணே."

அவர் பாடிக் காட்டினார். அம்சா பாடினாள். தீனதயாளன் வாசிப்பை நிறுத்திவிட்டு ஏதோ போல் பார்த்தார். அவர் மாதிரியே இருந்தது. பாக்குப் போடுகிறவர்கள் நாக்கு திரும்புகிற மாதிரிகூட. ஆம்பிளைக் குரலின் கனத்தோடு அம்மனைக் கூப்பிட்டாள்.

"உன் கொரல்ல எல்லாரும் இருக்காங்கம்மா, நீதான் இல்ல" என்றார் அவர். கெட்ட மனுஷன் இல்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். "வைகாசி வரைக்கும் பொறுக்கறேன். அதுக்குள்ள உன்னுதுன்னு ஒண்ணு கண்டுபிடிச்சிக்கினு வா. இல்லாங்காட்டி சேலத்துல ஒரு பொண்ணு இருக்குது, அத வச்சிப் பாடிக்கறேன்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்சா கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து திறந்து பார்த்தாள். யாரோ ஒருத்தர் குரலில்தான் சத்தம் வந்தது. அவள் பயந்துபோனாள். இத்தனை வருஷம் தன் வீடு என்று நினைத்துக் குடியிருந்தது வாடகை வீடு என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி.

அதற்குப் பிறகு தேடித் தேடிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வெளியே நின்று கேட்டாள். அங்கே எல்லோரும் சேர்ந்து ஒரே வரியை விடாமல் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவார்கள், மூச்சு எங்கே வாங்குகிறார்கள் என்றே தெரியாது. அதைக் கற்றுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தர்காவில் ஒரு பக்கீர் தாயிரா மேளத்தைத் தட்டிக்கொண்டு பாடுவார். குரலை வானத்துக்கு வீசிப் போட்டுவிட்டு, அது திரும்பி வருகிறவரை காத்திருக்கிற மாதிரி நிறுத்துவார். அதையும் எடுத்துக்கொண்டாள். பழனியின் ஆட்டோவில் ஓடுகிற கானாப் பாட்டில் வார்த்தையை மென்று துப்புகிறார்களே, அது. கூத்தில் கோமாளி இழுக்கிற இழுப்பு. எல்லாவற்றையும் அம்மன் பாட்டில் போட்டுப் பார்த்தாள்.

தீனதயாளன் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்வார். "இன்னைக்கு அம்மன் வெள்ளப் பொடவ கட்டிக்கினு வந்துட்டாம்மா." அடுத்த தடவை, "இன்னைக்கு அம்மன் ஆட்டோ ஓட்டுது." ஒவ்வொன்றும் நன்றாக இருந்தது. ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தருடையதாக இருந்தது.

கோயில் வாசலில் விழுந்து கும்பிட்டு அம்சா கேட்டாள்: "தாயே, ஊர்ல இருக்கற கொரலையெல்லாம் எனக்குள்ள கொட்டினியே, என்னுத மட்டும் எங்க வச்ச?"

பங்குனியில் கல்வராயன் மலையில் மரவள்ளிக்கிழங்கு பிடுங்க ஆள் கேட்டார்கள். கரியாலூரைத் தாண்டி ஒரு கொல்லை. பாப்பாத்தி குட்டியானை வண்டியில் பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். கோமுகி அணை தாண்டி மலையேறும்போது எல்லோருக்கும் காது அடைத்தது. "அம்சா, உனக்கு மட்டும் காது அடைச்சா நல்லது. கொஞ்ச நாளு ரெஸ்ட்டு" என்றாள் பாப்பாத்தி. வண்டியே சிரித்தது.

அந்தக் கொல்லையில் மலைக்காரப் பெண்களும் வேலைக்கு வந்தார்கள். அவர்களில் ஒருத்தி காசியம்மாள். அம்சாவைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். குள்ளமான உருவம், வேலையில் கெட்டிக்காரி. செடியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினால் கிழங்கு உடையாமல் கொத்தோடு வந்துவிடும். பாப்பாத்திக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று. "நீ கீழ வந்துடு காசி, உன்ன வச்சிக்கினு இவளுங்கள எல்லாம் நிறுத்திடறேன்" என்பாள். காசியம்மாள் சிரிப்பாள்.

மத்தியானம் சாப்பிட உட்காரும்போது காசியம்மாள் மட்டும் தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கொல்லை ஓரத்துப் பாறைக்குப் போய்விடுவாள். முதல் நாள் அம்சா தண்ணீர் குடிக்க ஓடைக்குப் போனபோதுதான் அது காதில் விழுந்தது.

சாமை காயுற பாறையில
காக்கா ஓட்ட ஆளில்லையே பகலா
காஞ்ச சாமை நனையுதே
வாரி எடுக்க ஆளில்லையே பகலா

அம்சா அப்படியே நின்றுவிட்டாள். மெட்டு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் வரி முடிகிற இடத்தில் குரல் இறங்கி வந்து, பாதியில் அறுந்து, உள்பக்கமாக ஒரு மூச்சு வாங்கி, அதற்குப் பிறகு அந்தப் பேர் மெல்ல விழுந்தது. கிணற்றுக்குள் வாளி இறங்கும்போது கயிறு அறுந்தால் கொஞ்ச நேரம் கழித்து ஒரு சத்தம் கேட்குமே, அந்த மாதிரி. சர்ச்சிலும் தர்காவிலும் கூத்திலும் கேட்காத ஒன்று. இதுதான், இதற்குத்தான் அம்மன் என்னை மலையேற்றினாள் என்று நினைத்தாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "இன்னாக்கா பாட்டு இது? எங்க கத்துக்கினீங்க?"

காசியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாட்டா? பகலான்னு எம் மவனக் கூப்பிட்டேன்."

"எங்க இருக்கான்?"

"இல்ல. போன வருசம் காச்சல்ல போயிட்டான்."

காசியம்மாளே சொன்னாள்: "வூட்ல அழக்கூடாது பாரு. சின்னது ஒண்ணு இருக்குது, வெளக்கு எரியற வூடு. சாவு இல்லாத அன்னைக்கு வூட்டுக்குள்ள ஒப்பாரி வச்சா இன்னொண்ணையும் கூப்பிட்டமாரி ஆயிடும். அதான் இங்க அழுதுட்டுப் போயிடறது."

கீழ்நாட்டிலும் அந்த வழக்கம்தான். ஒப்பாரியை வீட்டுக்குள் சும்மாகூட யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். அம்சாவுக்கும் தெரியும்.

தெரிந்தும், அதற்குப் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் அம்சா அந்த ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள். மரவள்ளிச் செடி மறைவில் நின்று அந்த மூச்சைப் பழகினாள். பாப்பாத்தி ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"வேணாண்டி. அது அவ வூட்டு அழுக."

"நான் பாட்டையா எடுக்கறேன்? ஒரு வார்த்த எடுக்கல, அந்தப் புள்ள பேரக்கூட எடுக்கல. அந்த இழுப்பு மட்டுந்தான்க்கா."

"இழுப்புலதாண்டி புள்ள இருக்குது" என்றாள் பாப்பாத்தி. அம்சா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிற காது, அதை மட்டும் விட்டுவிட்டது.

வைகாசியில் முட்டை அட்டை ரூமில் அம்சா பாடினாள். "எல்லையில நிக்கிறவளே" என்று இறங்கி வந்து, பாதியில் அறுத்து, மூச்சை உள்ளே இழுத்து, "தாயே" என்று விட்டாள். தீனதயாளன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். கீழே பஸ் ஆரன் அடித்தது, அவருக்குக் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதாம்மா. இதாம்மா உன் கொரலு. இத்தினி நாளு எங்க ஒளிச்சி வச்சிருந்த?" என்றார்.

ஆடி பிறந்ததும் அந்தப் பாட்டு ஓடாத கோயில் இல்லை. கூழ் ஊற்றுகிற இடம், தீ மிதிக்கிற இடம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், எல்லா இடத்திலும். அம்மன் வீதிவுலா வரும்போது இந்தப் பாட்டைப் போட்டால் நாலு பேருக்குச் சாமி வந்துவிடும். பொம்பளைகள் நின்று அழுதுவிட்டுப் போவார்கள். ஏன் அழுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. பழனி ஆட்டோவில் அந்தப் பாட்டையே ஓடவிட்டு, "எங்க வூட்ல பாடினது" என்று ஏறுகிறவர்களிடம் சொன்னான். அதிகம் பேசாத மனுஷன், அதை மட்டும் சொன்னான்.

அம்சா போனைக் கொண்டுபோய் அக்காவிடம் போட்டுக் காட்டினாள். அவளுக்கு உலகத்தில் வேறு யார் புகழ்ந்தாலும் போதாது, பாப்பாத்தி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

பாப்பாத்தி முழுவதும் கேட்டாள். புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "நல்லா இருக்குது" என்றாள். முறத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "யாருடி அது?" என்று கேட்டாள். இந்தத் தடவை கிண்டல் இல்லை.

அம்சா போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆவணியில் பாப்பாத்தி மகள் தேவிப்ரியாவுக்கு வளைகாப்பு. சித்திக்காரி பாடாமல் எப்படி? கன்னத்தில் சந்தனத்தோடு தேவிப்ரியா, "சித்தி, எனக்காக ஒரு பாட்டு" என்றாள். அம்சா நலங்குப் பாட்டு ஒன்றை எடுத்தாள். சந்தோஷமான பாட்டு. முதல் வரி நன்றாகத்தான் வந்தது. வரி முடிகிற இடத்தில் குரல் தானாக இறங்கியது. அறுந்தது. மூச்சு உள்ளே போனது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. கொஞ்ச நாளாக எதைப் பாடினாலும் அது வந்து நின்றது. மற்றக் குரல்களை எல்லாம் அது துரத்திவிட்டிருந்தது.

வளையல் போட்டுக்கொண்டிருந்த வயசான அம்மா ஒருத்தி கையை நிறுத்தினாள். "நிறுத்துடி! இன்னா எழவு வூட்டு இழுப்பு இது? வயித்துல புள்ள இருக்கற பொண்ணு முன்னால!"

பந்தலே அடங்கிப்போயிற்று. தேவிப்ரியா வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். பாப்பாத்தி எழுந்துபோய் மைக்செட்டில் ஏதோ ஒரு பாட்டைச் சத்தமாக வைத்தாள். எல்லோரும் திரும்பப் பேச ஆரம்பித்தார்கள், ஆனால் அம்சா பக்கம் யாரும் பார்க்கவில்லை.

சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது அம்சா பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "அந்தக் கெழவி சொல்லுது, நீ பாட்டுக்கு சும்மா இருக்கிற. நான் ஒரு ஆளா வந்தது உனக்குப் பொறுக்கலையாக்கா?"

பாப்பாத்தி அண்டாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "உன் கொரலு எனக்குத் தெரியும்டி. அம்மா செத்த வருசம், பசிச்சா அழுவியே, இந்தத் தெருவே எழுந்துக்கும். அந்தக் கொரலு. பேசறப்ப இன்னமும் இருக்குது. பாடறப்ப எங்க போவுது? அத ஒரு நாளு கேட்டுட்டா எனக்குப் போதும்."

"அழுதா பாட்டாயிடுமா?"

"காசி அழுதத நீ பாட்டாக்கலையா?"

அம்சா கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அக்கா தங்கைக்குள் பேச்சு இல்லை. வேலைக்குக் கூப்பிடுகிற போன் நின்றுபோயிற்று. தேவிப்ரியாவுக்கு அம்மன் புண்ணியத்தில் நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. அப்போதும் அம்சா குழந்தையைப் பார்த்துவிட்டு, அக்கா உள்ளே வருவதற்குள் திரும்பிவிட்டாள்.

மாசியில் ஒருநாள் கரும்புக் கொல்லையில் சோகை உரித்துக்கொண்டிருந்த பாப்பாத்தி, "நெஞ்ச அடைக்குதுடி" என்று உட்கார்ந்தாள். பழனியின் ஆட்டோவில்தான் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். தியாகதுருகம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

அம்சாவைக் கள்ளக்குறிச்சியிலிருந்து கூட்டி வந்தபோது, பாப்பாத்தியைப் பந்தலுக்குக் கீழே ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு, தலையோடு தலை முட்டி அழுதுகொண்டிருந்தார்கள். அம்சாவைக் கண்டதும் வட்டம் திறந்து அவளை உள்ளே இழுத்துக்கொண்டது.

அவள் மனசுக்குள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அக்கா கேட்டாள், அந்தக் குரலை. பசித்தால் அழுகிற குரலை. இன்றைக்குக் கேட்கட்டும். இதற்கு மேல் எதற்கு அது ஒளிந்துகொண்டிருக்க வேண்டும்?

அம்சா வாயைத் திறந்தாள்.

வந்தது காசியம்மாள். அப்படியே இறங்கி, பாதியில் அறுந்து, உள்ளே மூச்சு வாங்கி விழுந்தது. அக்காவுக்கு என்று நாலு வார்த்தை தேடினாள். வார்த்தையும் வரவில்லை. "சாமை காயுற பாறையில" என்றுதான் வாய் எடுத்தது. பாப்பாத்தி வாழ்நாளில் சாமை காயவைத்ததில்லை. அம்சா நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. தண்ணீர் மடை உடைத்துக்கொண்ட மாதிரி வரி வரியாக வந்தது. சுற்றியிருந்த பெண்கள் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பின்னால் நின்ற யாரோ, "பாடறவளாச்சே, இன்னாமா அழுவுறா பாரு. கல்லும் கரையும்" என்று சொன்னது அம்சா காதில் விழுந்தது. மேடையிலிருந்து இறங்கும்போது கேட்கிற அதே புகழ்ச்சி.

அந்த நேரம் மலையிலிருந்து வந்த பெண்கள் பந்தலுக்குள் நுழைந்தார்கள். பாப்பாத்தியோடு வேலை செய்தவர்கள். வழக்கப்படி வந்தவர்கள் வட்டத்தில் உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். அம்சாவின் கழுத்தில் விழுந்த கை குட்டையான, மண் வேலை செய்து காய்ப்புக் காய்த்த கை. அம்சாவுக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாய் நிற்கவில்லை. வரி முடிகிற இடம் வந்தது. அறுந்தது. மூச்சு உள்ளே போனது.

"பகலா" என்றாள் அம்சா.

கழுத்தில் இருந்த கை அப்படியே விறைத்தது.

மற்றவர்கள் யாரும் கவனிக்கவில்லை, அவரவர் அழுகையில் இருந்தார்கள். காசியம்மாள் கையை மெல்ல எடுத்தாள். கோபம் இல்லை அந்த முகத்தில். இருந்திருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். அம்சாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னாள்:

"அது எம் புள்ளைக்கு நான் அழுதது. உங்க அக்காவுக்கு நீ அழு."

எழுந்துபோய் பாப்பாத்தியின் கால்மாட்டில் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே போனாள்.

அம்சா வாயை மூடினாள். திரும்பத் திறந்தாள். தொண்டை வரைக்கும் எதுவோ வந்தது. சர்ச் வந்தது, பக்கீர் வந்தார், கூத்து வந்தது, எல்லாம் வரிசையாக வாசலில் வந்து நின்றது. ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டாள். எல்லாவற்றையும் தள்ளிய பிறகு அங்கே ஒன்றும் இல்லை. பறை அடித்தார்கள், பல்லக்கு ஜோடித்தார்கள், பாப்பாத்தியைத் தூக்கினார்கள். தெரு முனை வரை பெண்கள் மாரடித்துக்கொண்டு ஓடினார்கள். வளர்த்த பிள்ளை ஒரு சத்தம் இல்லாமல் பின்னால் நடந்தது.

"பித்து புடிச்சிடுச்சி பாவம்" என்றார்கள்.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் அம்சா பஸ் ஏறிக் கரியாலூருக்குப் போனாள். விசாரித்து விசாரித்துக் காசியம்மாள் வீட்டைக் கண்டுபிடித்தாள். காசியம்மாள் வாசலில் பாய் போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். சின்னப் பிள்ளை கோழியைத் துரத்திக்கொண்டிருந்தது. அம்சா காலில் விழப் போனாள், அவள் பிடித்துக்கொண்டாள்.

"என்ன வஞ்சிடுக்கா. நாலு வார்த்த திட்டிடு."

"எதுக்கு வையணும்? உனக்கு அது நல்லா வந்துச்சி, எடுத்துக்கின." காசியம்மாள் மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆனா இப்ப எனக்கு அது வரமாட்டேங்குதும்மா. அருவிக்கு வர்றவங்க கார்ல எல்லாம் உன் பாட்டுதான் ஓடுது. பாறைக்குப் போயி வாயத் தொறந்தா மைக்குல யாரோ பாடறமாரியே இருக்குது. எம் மவன் பேர சொல்ல முடியல. சும்மா உக்காந்துட்டு வந்துடறேன்."

அம்சா தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். காசியம்மாள் ஒரு பையில் கிழங்கு போட்டுக் கொடுத்தாள். அதையும் வாங்கிக்கொண்டுதான் வந்தாள்.

தீனதயாளனிடம் பாடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். "அந்தப் பாட்டையாவது நிறுத்திடுங்கண்ணே" என்றாள். "அது என் கையில இல்லம்மா, ஊரு முழுக்க ஒவ்வொரு போன்லயும் இருக்குது" என்றார். அதுவும் உண்மைதான்.

மறுபடி ஆடி வந்தது. ஊர்க்கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஒலிபெருக்கியில் "எல்லையில நிக்கிறவளே" ஓடியது. "அம்சா பாட்டு, அம்சா பாட்டு" என்று வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அவளைக் காட்டினார்கள். அம்சா கையைக் கூப்பிக்கொண்டு அம்மனைப் பார்த்தபடி நின்றாள். அம்மனுக்குத் தெரியும் அது யார் அழுதது என்று.

தேவிப்ரியா கூழ் வாங்கப் போகும்போது குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். "சித்தி, செத்த பாத்துக்க. அழுதா ஏதாவது பாடு." பாப்பாத்தியின் மூக்கு அந்தக் குழந்தைக்கு. அம்சா அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் குழந்தைக்குப் பசி வந்துவிட்டது. முகம் சிவந்து, கையை முறுக்கி, வீறிட்டு ஒரு அழுகை அழுதது. ஒலிபெருக்கிச் சத்தத்தையும் தாண்டி நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்சா தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். யாரிடமும் கற்றுக்கொள்ளாத குரல். அக்கா சொன்னது இதுதானோ என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அந்த வீறல் எங்கே ஏறுகிறது, எங்கே உடைகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று காது ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தது. தொண்டைக்குள் அது வந்து உட்காருவது தெரிந்தது.

ஓடிவந்த தேவிப்ரியாவிடம் குழந்தையைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, கோயில் வாசலில், அத்தனை ஜனங்களுக்கு நடுவில், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.